செவ்வாய்க்கிழமை இருபத்தைந்து நிமிடம்

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் அப்பா தன் கையால் எழுதி ஒட்டிய தாள் ஒன்று இன்னமும் இருக்கிறது. தாளிப்பு எண்ணெய் பட்டுப் பட்டு மேல் பாதி பழுப்பேறிவிட்டது, எழுத்து மட்டும் அழியவில்லை. காலை நான்கே முக்காலுக்கு எழ வேண்டும். பல் துலக்கியதும் இரண்டு டம்ளர் வெந்நீர். முந்தின நாள் ஊறப்போட்ட வெந்தயம் ஒரு கரண்டி. கிழக்கே பார்த்து உட்கார்ந்து பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி, மூக்கு வழியாக இழுத்து வாய் வழியாக விட வேண்டும். அதன் பிறகு கைவீசி வேகநடை. எல்லாவற்றுக்கும் கீழே சிவப்பு மையில், இரண்டு கோடு போட்டு, 'சாக்குச் சொல்லக் கூடாது' என்று இருக்கும்.

உடம்பை நன்றாக வைத்துக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை என்றுதான் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்கிறார்கள். நான் மறுக்கவில்லை. அப்பாவுக்கு அறுபது நெருங்குகிறது, இப்போதும் கேஸ் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனையிலிருந்து நடந்தே வருவார். அம்மாவுக்குத்தான் கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் போக முடியாது. நடுவழியில் உட்கார ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம்.

அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அதுவரை வருடத்துக்கு இரண்டு தடவை இரும்புப் பெட்டியோடு வந்து, தெருவில் எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போகிற மனிதராகத்தான் அவரை எனக்குத் தெரியும். வந்தவர் இனிமேல் போகப்போவதில்லை என்பது எனக்குப் பிடிபடவே ஒரு மாதம் ஆயிற்று. அவரோடு ஒன்றாக ஓய்வு பெற்ற இருவர் ஊருக்குப் போன வேகத்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அந்தப் பயம் அவருக்குள் நன்றாக இறங்கியிருந்தது. பயந்த மனிதர் தன்னோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் இத்தனை வருடம் பார்க்காமல் விட்ட குடும்பத்துக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று அவருக்கு ஒரு தவிப்பு. என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தவருக்குத் தெரிந்திருந்ததெல்லாம் பி.டி. ஒன்றுதான்.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில், வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு விலக்கிலிருந்து உள்ளே போக வேண்டும். அம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்தே ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை பார்த்தாள். பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவுகிற மிஷின்கள் இருக்கும் கார்டிங் பகுதி. அங்கே கீழே விழும் கழிவுப் பஞ்சைக் கூட்டி அள்ளி மூட்டை கட்டுவது அவள் வேலை. இரவு ஷிப்டு. விடிந்ததும் மில் வேன் விலக்கில் இறக்கிவிடும். இறங்குகிற அம்மாவின் புருவத்தில், இமைமுடியில் எல்லாம் வெள்ளையாகப் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். "கெழவி வந்துட்டா" என்று நான் கைதட்டிச் சிரிப்பேன். அவளும் சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை அடித்துத் துடைத்துக்கொள்வாள்.

விலக்கிலிருந்து வீட்டுக்கு நேர் தெருவில் வந்தால் பத்தே நிமிடம். அப்பா வந்த பிறகு அந்தத் தெரு அம்மாவுக்கு இல்லாமல் போயிற்று. கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும் என்று உத்தரவு. ராத்திரி முழுக்க மில்லுக்குள் அடைந்து கிடந்த உடம்புக்கு விடியற்காற்று மருந்து என்று ஏதோ பேப்பரின் இணைப்பில் அவர் படித்திருந்தார். வேகநடையில் இருபத்தைந்து நிமிடத்துக்குள் அம்மா வீடு வந்து சேர வேண்டும். அதற்கு மேல் எத்தனை நிமிடம் ஆனாலும் மறுநாள் மடை வரைக்கும் இன்னொரு தடவை போய்த் திரும்ப வேண்டும். அப்பா அம்மாவை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. இந்த ஒரு சுற்றுத்தான் தண்டனை. வேலை முடிந்து வந்து கண்ணைச் செருகிக்கொண்டு நிற்கிறவளுக்கு அந்த ஒரு சுற்று என்னவென்று அவருக்குத் தெரியவில்லை.

முதல் சில நாள் அவரே கூட நடந்தார். பிறகு போலீஸுக்கும் பட்டாளத்துக்கும் ஆள் எடுக்கிறார்கள் என்று ஊர்ப் பையன்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். கண்மாய்க்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட மைதானத்தில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காலையெல்லாம் அவர்களை ஓடவிட்டார். அம்மாவின் பொறுப்பு என்னிடம் வந்தது. கறுப்புக் கயிறு கோத்த அவருடைய ஸ்டாப்வாட்சை என் கழுத்தில் மாட்டி, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டுக் கொடுத்தார். தேதி, கிழமை, எத்தனை நிமிடம். ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்து அவர் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவார். அடேயப்பா, எனக்கு இருந்த பெருமை! வகுப்பில் லீடராகக்கூட என்னை யாரும் போட்டதில்லை.

முதல் நாலு வாரம் நான் உள்ளதை உள்ளபடி எழுதினேன். அதில் ஒரு வினோதம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு அம்மாவுக்கு ஷிப்டு கிடையாது. திங்கட்கிழமை காலையில் தூங்கி எழுந்து நடப்பாள், இருபத்து மூன்று நிமிடத்தில் வந்துவிடுவாள். திங்கள் இரவு வேலைக்குப் போய்ச் செவ்வாய் காலையில் வருகிறவள் வேறு ஒருத்தி. நடக்க நடக்க நிற்பாள். மூச்சு உள்ளே போகும்போதே சத்தம் கேட்கும். முப்பத்தொரு நிமிடம், முப்பத்திரண்டு நிமிடம். புதன்கிழமை கொஞ்சம் தேவலை. அப்படியே குறைந்து குறைந்து சனிக்கிழமை வாக்கில் மறுபடி இருபத்தைந்துக்கு வந்து நிற்கும். நாலு வாரமும் இதே கதை.

அப்பா அதைப் பார்க்காமல் இல்லை. செவ்வாய்க்கிழமை அம்மா மாரியம்மனுக்கு ஒருபொழுது இருப்பாள், அதனால்தான் என்று முதலில் விரதத்தை நிறுத்தினார். வேனை விட்டு இறங்கியதுமே ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணம் தின்ன வேண்டும் என்றார். அதை நான்தான் தூக்குச் சட்டியில் கொண்டு போவேன். அம்மா சாமிக்குப் பயந்து அதை ஆட்டுக்குப் போட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வாள். கடலையாலும் செவ்வாய்க்கிழமை மாறவில்லை. "ஒரு நாள் லீவு போதும், உடம்பு சொகத்துக்குப் பழகிரும். பட்டாளத்துலயும் லீவுல போய்ட்டு வந்தவன்தான் மொதல்ல விழுவான்" என்று சொல்லி, திங்கட்கிழமை ஒரு சுற்றை இரண்டாக்கினார். ஓய்வு நாளும் போயிற்று.

கரையில் பாதி தூரத்தில் மடை இருக்கிறது. மடைக்கல்லில் ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி, செத்த நேரம் இருந்துட்டுப் போவம். நெஞ்சுல ஈரத்துண்டை முறுக்கிக் கட்டுன மாதிரி இருக்கு."

நான் கழுத்தில் கிடந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். ஓடிக்கொண்டே இருந்தது. முதல் நாள் இரண்டு சுற்று நடந்த கால் அவளுக்கு வீங்கியிருந்தது. நாளைக்கும் உண்டு. அதை நினைத்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கட்டைவிரலால் அமுக்கி ஸ்டாப்வாட்சை நிறுத்தினேன். மைதானத்தில் விசில் சத்தம் கேட்டது, ஆனால் சீமைக்கருவேல மரங்கள் மறைத்துக்கொண்டிருந்தன. அம்மா எழுந்த பிறகு மறுபடி அமுக்கினேன். உட்கார்ந்த நேரம் நடந்த நேரம் ஆகாது, ஆகவே இது பொய்யில் சேராது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அப்படியும் இருபத்தெட்டு வந்தது. எழுதும்போது இருபத்தைந்து என்று எழுதினேன்.

முகம் கழுவிவிட்டு வந்த அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "என்னட்டி எழுதிருக்க?" என்றாள். இருபத்தைந்து என்றேன். ஈரக்கையை என் தலையில் வைத்துச் சிரித்தாள், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அன்றைக்கு என்னமோ நான் அவளைத் தூக்கிக் கரை சேர்த்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

அதற்குப் பிறகு எல்லாச் செவ்வாய்க்கிழமைக்கும் இருபத்தைந்து, வெள்ளி வரைக்கும் அதே கணக்கு. சில சமயம் சந்தேகம் வரக் கூடாது என்று இருபத்து நாலு. அப்பா பூரித்துப்போனார். நோட்டில் 'வெரி குட்' என்று எழுதியதோடு நிற்காமல், மைதானத்துக்கு எடுத்துப் போய்ப் பையன்களுக்குக் காட்டினார். "பாருங்கலே, ரெண்டு மாசத்துல ஒரு பொம்பளை உடம்பை மாத்திருக்கா. முப்பத்திரண்டு எங்க, இருபத்தஞ்சு எங்க?" என்றாராம். பையன்கள் கைதட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த வெட்கத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அம்மா அவருக்குக் காப்பியை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே தலையைத் தலையை ஆட்டினாள்.

அப்படியே ஆடி மாதம் வந்தது. ஆடிப்பூரத் தேரோட்டத்தை ஒட்டி மில்லில் சேர்ந்தாற்போல நாலு நாள் லீவு விட்டார்கள். அந்த நாலு நாளும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து போனாள். தேர் திரும்பும்போது எனக்குத் தெரியவில்லை என்றதும், பத்து வயதுக் கழுதையான என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு கடைப்படியில் ஏறி நின்றாள். குரவை போட்டாள். ஒரு இருமல் இல்லை. "உனக்குச் சரியாயிட்டும்மா" என்றேன். "ஆமாட்டி, சரியாயிட்டு" என்றாள்.

ஐந்தாம் நாள் இரவு வேலைக்குப் போய் மறுநாள் விடிந்து வேன் வந்தபோது இரண்டு பெண்கள் அவளைப் பிடித்து இறக்கினார்கள். அன்றைக்கென்று மைதானத்தில் பையன்கள் இல்லை, திருவிழா அசதி. அப்பாவே விலக்குக்கு வந்திருந்தார். ஸ்டாப்வாட்ச் அவர் கையில் இருந்தது, நோட்டு என்னிடம். இறக்கிவிட்ட அக்காக்களில் ஒருத்தி, "மதினிக்கு ராத்திரியே முடியல, இன்னைக்கு நடக்க விடாதீய அண்ணாச்சி" என்றாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "நாலு நாள் லீவுல்லா, அதான். நடந்தா சரியாப் போவும்" என்று முந்திக்கொண்டாள். அப்பா பொத்தானை அமுக்கினார்.

மடை வரைக்கும்கூட அவளால் போக முடியவில்லை. பத்தடி முன்னாலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. "உக்காராத, எந்திரி. நின்னா இன்னும் புடிச்சுக்கிடும். மூக்கு வழியா இழு, வாய் வழியா விடு" என்று அப்பா குனிந்து சொல்லிக்கொண்டிருந்தார். தாளில் எழுதியிருந்த அதே வாசகம். அவள் எழுந்தாள், சத்தியமாக எழுந்தாள். நாலு எட்டு வைத்தாள், அப்படியே சரிந்தாள்.

ஸ்டாப்வாட்சைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அப்பா அம்மாவை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு விலக்கை நோக்கி ஓட ஆரம்பித்தார். நான் ஸ்டாப்வாட்சைப் பொறுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அரைக் கிலோமீட்டர் இருக்கும். விலக்கில் ஆட்டோவை நிறுத்தி ஏறும்போது அவருக்கு மூச்சே வாங்கவில்லை. தோளில் கிடந்தவளுக்குத்தான் வாங்கியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டர் வீட்டு முன்புறத்திலேயே வைத்துப் பார்ப்பார். அம்மாவைப் பெஞ்சில் சாய்த்து, புகை வருகிற முகமூடி ஒன்றை மூக்கில் மாட்டினார்கள். முக்கால் மணி நேரத்தில் உதட்டுக்கு நிறம் வந்தது. டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். மில்லு என்றார் அப்பா. எந்தப் பகுதி என்று கேட்டதற்கு கார்டிங் என்றார். எழுதிக்கொண்டிருந்த டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"லீவு முடிஞ்சு வேலைக்குப் போற மொத நாள் மட்டும் இது ஜாஸ்தியா வருதா? போகப் போகக் கொறையுதா? இல்ல எல்லா நாளும் ஒரே மாதிரியா?"

அப்பாவின் முகம் தெளிந்தது. அவரால் பதில் சொல்ல முடிகிற கேள்வி அது. "சார், எங்ககிட்ட ரெக்கார்டே இருக்கு" என்று என் கையிலிருந்த நோட்டை வாங்கி நீட்டினார். "ஞாயித்துக்கிழமை ராத்திரி இவளுக்கு லீவு. திங்க ராத்திரி போயிட்டு செவ்வா காலைல வருவா. செவ்வாய்க்கிழமைய மட்டும் பாருங்க. மொதல்ல கொஞ்சம் மோசமாத்தான் இருந்தது, நடந்து பழக்கமில்லைல்லா. ட்ரெயினிங் குடுத்து நான் சரி பண்ணிட்டேன் சார்."

டாக்டர் கடைசிப் பக்கத்திலிருந்து முன்பக்கமாகப் புரட்டினார். செவ்வாய் இருபத்தைந்து. செவ்வாய் இருபத்து நாலு. செவ்வாய் இருபத்தைந்து. என் கையெழுத்து, நல்ல குண்டு குண்டாக. உள்ளது எழுதியிருந்த முதல் பக்கங்களுக்கு அவர் போய்ச் சேரவில்லை. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். நோட்டை மூடி, "வித்தியாசம் ஒண்ணும் தெரியலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அம்மாவிடம், "நீங்க சொல்லுங்கம்மா, உங்களுக்கு எப்படி இருக்கு?" என்றார்.

அம்மா முகமூடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், "நோட்டுல இருக்கது சரிதான் சார். எல்லா நாளும் ஒண்ணுபோலத்தான் இருக்கு" என்றாள்.

ஆஸ்துமா என்று எழுதி, உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார். தூசியில் கொஞ்சம் கவனமாக இருங்கள், காலை நடை நல்லதுதான், முடிந்த அளவு நடங்கள் என்றார். அந்தக் கடைசி வார்த்தையை அப்பா வீட்டுக்கு வரும்வரை நாலு தடவை சொன்னார். ஆனால் அன்றோடு ஒரு சுற்றுத் தண்டனையை எடுத்துவிட்டார். நோட்டும் நின்றது. எனக்கு அது பெரிய வெற்றி. என் பொய் பிடிபடவில்லை, அம்மாவும் மாட்டிக்கொள்ளவில்லை, சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டாள் என்று நினைத்தேன். அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன், இதை எழுதவே கை கூசுகிறது.

அம்மா இன்னும் ஆறு வருடம் அந்தக் கழிவுப் பஞ்சைக் கூட்டினாள். மெல்ல மெல்லப் புதன்கிழமையும் செவ்வாய்க்கிழமை ஆயிற்று, பிறகு வெள்ளியும், பிறகு லீவு நாளும். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு அந்த டாக்டரும் அதே கேள்வியைக் கேட்டார். ஆரம்பத்தில் லீவு முடிந்து போகிற முதல் நாளில் மட்டும் நெஞ்சை இறுக்கியதா? "ஆமா சார், செவ்வா செவ்வாதான்" என்று அம்மா உடனே சொன்னாள். பஞ்சுத் தூசி நுரையீரலைப் பிடிக்கும்போது முதலில் காட்டுகிற அடையாளமே அதுதான் என்றும், அப்போதே அந்த வேலையை விட்டிருந்தால் தப்பித்திருக்கலாம் என்றும், இனி ஒன்றும் திரும்பாது என்றும் அவர் சொன்னார். அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தார். "நான் சரி பண்ணிட்டேன்னுல்லா நெனச்சேன்" என்றார்.

இப்போதும் அவர் நான்கே முக்காலுக்கு எழுந்துவிடுகிறார். வெந்நீர் வைத்து, அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பூனால் கொடுக்கிறார். ஆக்ஸிஜன் மிஷின் குழாயைத் துடைத்து மாட்டுகிறார். தலை சீவிவிடுகிறார். எல்லாம் தன்னால் வந்தது என்று அவருக்குள் ஓடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். அதில் என் பங்கைச் சொல்லி வாங்கிக்கொள்ள எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

போன மாதம் அவர் பால் வாங்கப் போயிருந்தபோது அம்மாவிடம் கேட்டேன். அன்றைக்கு டாக்டர் கேட்டபோது ஏம்மா அப்படிச் சொன்ன? அவளுக்கு ஒரு வாக்கியம் பேச மூன்று தடவை நிற்க வேண்டும். "அன்னைக்கு... உன் மூஞ்சி... எப்படி இருந்துச்சு தெரியுமாட்டி" என்றாள். "அவிய முன்னால... நீ பொய் சொன்னேன்னு... எப்படிச் சொல்லுவேன்?"

அவளை நான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்றே அந்த வருடம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். முகமூடியை இறக்கிவிட்டு அவள் என்னைப் பார்த்தாளே, அது என்னிடம் கேட்டது. சொல்லட்டுமா என்று கேட்டது. நான் ஒரு தடவை தலையை ஆட்டியிருந்தால் போதும். எனக்கு அது கேள்வி என்று தெரியவில்லை. பயந்துபோய்க் குனிந்து கையில் இருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். கரையில் அப்பா அமுக்கியது, யாரும் நிறுத்தாமல், அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.